பிள்ளைக்கு வைரஸ் காய்ச்சல்: ஆன்ட்டிவைரல் கொடுத்தவர்களும் இம்யூனிட்டி சிரப் கொடுத்தவர்களும்

இரட்டையர் அம்மா:
எனக்கு இரட்டைப் பையன்கள். இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் இன்ஃப்ளூயன்ஸா ஏ (ஃப்ளூ) வந்தது. மூத்தவனுக்குக் காய்ச்சல் தொடங்கிய மறுநாளே டெஸ்ட் பாசிட்டிவ், ஃப்ளூவுக்கான ஆன்ட்டிவைரல் ஒசெல்டாமிவிர் சிரப் எழுதிக் கொடுத்தார்கள், காலையும் இரவுமாக 5 நாள். இளையவனுக்கு எப்போது ஆரம்பித்தது என்றே சரியாகத் தெரியவில்லை, சும்மா சோர்வு என்று நினைத்துக்கொண்டிருந்தோம், டாக்டர் பார்க்கும்போது அந்த மருந்தைத் தொடங்க வேண்டிய 48 மணி நேரம் தாண்டியிருந்தது. வேறு நோய் எதுவும் இல்லாத பிள்ளை, மூச்சு நன்றாக இருக்கிறது, இவனுக்கு வேண்டாம், தண்ணீரும் பாராசிட்டமாலும் போதும், கவனமாகப் பாருங்கள் என்றார். மூத்தவன் மருந்து குடித்து இரண்டு முறை வாந்தி எடுத்தான், சாப்பாட்டோடு கொடுத்த பிறகு நின்றது. காய்ச்சல் அவனுக்குக் கொஞ்சம் முன்னால் விட்டது, அவ்வளவுதான். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் எழுந்து ஓட ஆரம்பித்தார்கள்.

யாராவது “மருந்து வேலை செய்ததா?” என்று கேட்டால் செய்தது என்பேன், ஆனால் அது செய்யும் வேலை அவ்வளவுதான் என்றும் சேர்த்துச் சொல்வேன். ஆரோக்கியமான பிள்ளைக்குச் சராசரியாக ஒரு நாள் அளவுக்குக் குறையும். அந்த ஒரு நாளுக்காக வாந்தியைத் தாங்கலாமா என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

தூக்கமில்லா அப்பா:
எங்கள் வீட்டில் அந்தக் கணக்கே வேறு. மகளுக்கு ஆஸ்துமா. ஃப்ளூ பரவும் பருவத்தில் காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வந்தால் டெஸ்ட் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்தார். அப்படியே செய்தோம். வேடிக்கை என்னவென்றால் அன்று எடுத்த ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ், பிறகு லேபுக்கு அனுப்பிய பிசிஆர் என்ற துல்லியமான டெஸ்டில் பாசிட்டிவ். ரேபிட் டெஸ்ட் நிறைய ஃப்ளூவைத் தவறவிடும், நெகட்டிவ் என்பதால் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. ஆஸ்துமா, இதயக் கோளாறு, சர்க்கரை, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் பிள்ளைகள், அப்புறம் 2 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், இவர்களுக்கெல்லாம் மருந்து எதற்கு என்றால் ஒரு நாள் மிச்சம் பிடிக்க இல்லை, நிமோனியா வரை போகாமல் இருக்கத்தான். 48 மணி நேரம் தாண்டிவிட்டாலும் இவர்களுக்குக் கொடுப்பார்கள்.

மாத்திரைக்காரன்:
மருந்துக்கடையில் வேலை. தினமும் யாராவது வந்து “குழந்தைக்கு ஒரு ஆன்ட்டிவைரல் கொடுங்க” என்பார்கள், எந்த வைரஸுக்கு என்று கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். ஆன்ட்டிபயாட்டிக் மாதிரி ஒன்று பலவற்றுக்கும் ஆகும் என்ற நினைப்பு. அப்படி இல்லை. செல்லுக்குள் உருவான புது ஃப்ளூ வைரஸ் வெளியே வர ஒரு என்சைம் வேண்டும், ஒசெல்டாமிவிர் அந்த என்சைமைத்தான் தடுக்கிறது. அதனால்தான் சீக்கிரம் கொடுக்கச் சொல்கிறார்கள், வைரஸ் பரவி முடிந்த பிறகு தடுக்க என்ன மிச்சம்? சாதாரணச் சளி, ஆர்எஸ்வி (குழந்தைகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் வைரஸ்), கை-கால்-வாய் நோய், வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா, இவற்றில் அதற்கு வேலையே இல்லை, இவற்றுக்கு வீட்டில் கொடுக்கும்படி ஆன்ட்டிவைரலும் கிடையாது.

இப்போது பக்கத்து அலமாரிக்கு வருகிறேன், இம்யூனிட்டி சிரப்புகள். எனக்கு இவற்றின் மேல் கோபமில்லை, விற்கிறேன், சம்பளம் அதிலிருந்தும்தான் வருகிறது. ஆனால் கேட்டால் உள்ளதைச் சொல்வேன். வைட்டமின் சி தினமும் எடுக்கும் பிள்ளைகளுக்குச் சளி நீடிக்கும் காலம் சுமார் 14 சதவீதம் குறைந்ததாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், அதாவது ஒரு வாரச் சளியில் ஒரு நாள். மூக்கு ஒழுகிய பிறகு ஆரம்பித்தால் அந்தப் பலனும் தெரியவில்லை. எக்கினேசியா என்ற மூலிகையை 2 முதல் 11 வயதுப் பிள்ளைகள் 407 பேரிடம் சோதித்து 2003-இல் வெளியிட்டார்கள், சளி குறையவில்லை, தோலில் தடிப்புதான் கூடுதலாக வந்தது. எல்டர்பெர்ரி என்ற பழச்சாறு பற்றிப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பிள்ளைகளிடம் ஆய்வே இல்லை.

என்னைப் பயமுறுத்துவது வேறு. ஒரே பிள்ளைக்கு மல்டிவைட்டமின், தனியாக வைட்டமின் டி சொட்டு மருந்து, மேலே “எதிர்ப்பு சக்தி” கம்மீஸ் (மெல்லும் மிட்டாய்) என்று மூன்றையும் வாங்கிப் போவார்கள், மூன்றிலும் டி இருக்கும், இரண்டில் ஜிங்க் இருக்கும். வைட்டமின் டி உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகம் வரை போகும். லேபிளைத் திருப்பிப் படித்துக் கூட்டிப் பாருங்கள்.

மெதுவாகச் சொல்லுங்கள்:
எல்லோரும் இம்யூனிட்டி சிரப்பைத் திட்டுகிறீர்கள், நான் கொடுக்கிறேன், சொல்லிவிடுகிறேன். இரவு முழுக்க இருமும் பிள்ளையின் பக்கத்தில் “காத்திருங்கள்” என்ற ஒரே அறிவுரையோடு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று டாக்டர்களுக்குத் தெரியுமா? ஏதாவது கையில் எடுத்துக் கொடுத்தால்தான் மனசு அடங்கும். ஆனால் உண்மையில் எங்களுக்குப் பலன் தெரிந்தது தேனும் உப்புநீர் மூக்குச் சொட்டும்தான். படுக்கப் போகும் முன் அரை ஸ்பூன் தேன், இருமல் அடங்கித் தூங்குவாள். (ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, பாட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வரலாம், இதை நான் சொல்லாமல் விட்டால் கீழே பத்துப் பேர் வருவீர்கள்.)

பழைய வார்டு நர்ஸ்:
மேலே தேன் பற்றிச் சொன்னவருக்கு நன்றி, பத்துப் பேரில் நான் முதல் ஆளாக வந்திருப்பேன்.

பிறந்த குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவள் நான். உதட்டுக் கொப்புளம் தரும் ஹெர்பிஸ் வைரஸ் பச்சிளம் குழந்தைக்கு வந்தால் அங்கே மாற்று என்ற பேச்சே கிடையாது. அதற்கான ஆன்ட்டிவைரல் அசைக்ளோவிர் நரம்பு வழியாக, தோலோடு நின்றால் 14 நாள், மூளைக்கோ உள்ளுறுப்புகளுக்கோ போயிருந்தால் குறைந்தது 21 நாள். லேபிலிருந்து பதில் வரும் முன்பே ஆரம்பித்துவிடுவோம், ஏனென்றால் ஒரு ராத்திரி தள்ளிப்போனாலும் மூளை பாதிக்கப்படலாம். உதட்டில் கொப்புளம் இருக்கிறவர் குழந்தையை முத்தமிட வந்தால் கைகூப்பித் திருப்பி அனுப்புங்கள், மரியாதைக் குறைவு என்று நினைத்தால் நினைக்கட்டும். 3 மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டால் எந்த சிரப்பையும் தேடாதீர்கள், நேராக ஆஸ்பத்திரி.

வைட்டமின் எல்லாமே சும்மா என்றும் நினைக்க வேண்டாம். தட்டம்மை வந்த பிள்ளைக்கு வைட்டமின் ஏ தொடர்ந்து 2 நாள் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், ஒரு வயதுக்கு மேல் என்றால் தினம் 2 லட்சம் யூனிட். அது சிகிச்சை அளவு, மருத்துவர் கையால் மட்டும். வீட்டில் தினமும் கொடுத்தால் கல்லீரலைக் கெடுக்கும். வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசலோடு ஜிங்க் கொடுப்பதும் அதே மாதிரி நிரூபிக்கப்பட்டதுதான்.

பதின்வயதுப் பையனின் அப்பா:
சின்னவனுக்குச் சின்னம்மை, மருந்து எதுவும் வேண்டாம் என்றார்கள், அவன் சொறிந்துகொண்டே விளையாடினான். பெரியவனுக்கு 14 வயது, தடுப்பூசி போடாதவன், தம்பியிடமிருந்து தொற்றியது. அவனுக்கு மட்டும் கொப்புளம் தெரிந்த அன்றே அசைக்ளோவிர். ஏன் இந்தப் பாரபட்சம் என்று கேட்டேன். 12 வயதைத் தாண்டியவர்களுக்கும், வீட்டில் இரண்டாவதாக நோய் தொற்றுகிறவருக்கும் கடுமையாக வர வாய்ப்பு அதிகம், 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் என்றார் டாக்டர். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், ஐபுபுரூஃபன் வேண்டாம், ஆஸ்பிரின் பக்கமே போகக்கூடாது, ரேய் சிண்ட்ரோம் (மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய நோய்) வரலாம் என்று எழுதியே கொடுத்தார்.

இரட்டையர் அம்மா:
ஒரு கேள்வி. மூத்தவனின் சிரப் பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அடுத்த முறை டாக்டர் கிடைக்கும் வரை அதையே ஆரம்பிக்கலாமா?

மாத்திரைக்காரன்:
வேண்டாம், அதை வைத்திருக்காதீர்கள். பொடியில் தண்ணீர் கலந்த பிறகு அது ஃபிரிட்ஜில் 17 நாள், வெளியே 10 நாள்தான் தாங்கும். தாங்கினாலும் அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது, 15 கிலோ வரை வேளைக்கு 30 மில்லிகிராம், அதைத் தாண்டி 23 கிலோ வரை 45. அடுத்த குளிர்காலத்துக்குள் உங்கள் பையன் எந்தக் கணக்கில் இருப்பானோ. பாட்டிலை சிங்க்கில் ஊற்ற வேண்டாம், கடையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வோம்.