மறு: ‘ஸ்பேஷியல் டேட்டா இன்ஃப்ராஸ்ட்ரக்சர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பல துறைகளிடம் இருக்கும் வரைபடங்களும் இடத்தோடு சேர்ந்த தரவுகளும் ஒன்றோடொன்று பொருந்தவும் பகிரப்படவும் வேண்டிய தொழில்நுட்பம், விதி, தரநிலை எல்லாம் சேர்ந்த ஏற்பாட்டுக்குத்தான் தலைப்பில் உள்ள ஆங்கிலப் பெயர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த மடல் இழை நீண்டுகொண்டே போகிறது. முழுதும் படிக்க நேரமில்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன். என் பரிந்துரை: இடஞ்சார் தரவுப் பொதுக்கட்டமைப்பு. நாட்டளவில் பேசும்போது முன்னால் ‘தேசிய’. கேரளம், கர்நாடகம் போல மாநில அளவில் அமைத்தவர்களைச் சொல்லும்போது ‘மாநில’. நீளம்தான். ஏன் இவ்வளவு நீளம் என்று கீழே, வந்த மடல்களுக்குப் பதிலாகவே எழுதுகிறேன்.

> ஸ்பேஸ் என்றால் வெளி. ‘வெளித்தரவு’ என்று வைத்தால் ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

ஐயா, கணிதத்தில் ‘வெளி’ நிலைத்துவிட்ட சொல்தான். திசையன் வெளி என்று நாமே எழுதுகிறோம். ஆனால் ‘வெளித்தரவு’ என்று எழுதி ஏதாவது ஓர் அலுவலகத்தில் நீட்டிப் பாருங்கள். வெளியாள் கொடுத்த தரவா என்று கேட்பார்கள். விவரம் தெரிந்தவர் என்றால் விண்வெளி என்பார். அது இன்னும் தொந்தரவு. செயற்கைக்கோள் படம் எடுப்பது விண்வெளித் துறை. நாம் பேசும் அமைப்போ இந்தியாவில் 2006-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதலோடு அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் வந்தது. பெயரை வைத்து ஆளை மாற்றிவிடக் கூடாது.

> ‘புவிசார் தரவு’ என்று நாளிதழ்களிலேயே எழுதுகிறார்களே!

எழுதுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் ‘புவிசார்’ என்ற சொல் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் மணப்பாறை முறுக்குக்கும் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, அந்தச் சொல்லைக் கேட்டால் வாயில் எச்சில் ஊறுமே தவிர வரைபடம் நினைவுக்கு வராது. ‘ஜியோஸ்பேஷியல்’ என்ற தனிச் சொல்லுக்கு வேண்டுமானால் ‘புவியிடஞ்சார்’ என்று பிறகு யோசிக்கலாம்.

> ‘இடத்தரவு’ போதாதா? ‘சார்’ எதற்கு?

எனக்கும் முதலில் பிடித்தது இதுதான், சின்னதாக இருக்கிறது. ஆனால் இட ஒதுக்கீடு பற்றி நாள்தோறும் வாதாடும் ஊர் இது. ‘தேசிய இடத்தரவு’ என்று தலைப்பைப் பார்த்தால் சாதிவாரிக் கணக்கெடுப்பு என்று நினைத்துப் படிக்க ஆரம்பிப்பார்கள். அது தவிர ‘சார்’ ஒரு வேலையும் செய்கிறது. பட்டா, மழைமானிக் கணக்கு, பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, கொசு ஒழிப்புப் பதிவேடு எல்லாமே இடத்தைப் பற்றிய தரவு அல்ல. ஆனால் ஓர் இடத்தோடு கட்டுண்டவை. அந்தக் கட்டு ‘சார்’ என்பதில் இருக்கிறது.

‘நிலத்தரவு’ வேண்டாம். மெரினாவோடு நாடு முடிந்துவிடுவதில்லை, கடலுக்கும் வரைபடம் உண்டு. ‘அமைவிடத் தரவு’ பள்ளிப் பாடநூலில் பழகிய சொல்தான். ஆனால் அது ஒரு புள்ளியைத்தான் காட்டும். ஓர் ஏரியின் கரை, பரப்பு, அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அதற்குள் அடங்காது.

முதல் பாதி இத்தோடு போதும். எனக்கு உண்மையில் கவலை இரண்டாம் பாதியில்தான்.

> ‘தேசிய இடஞ்சார் தரவு அடித்தளம்’ என்று எளிமையாக வைப்போமே.

அம்மா, இதை மட்டும் ஏற்கவே முடியாது. ‘தரவுத்தளம்’ என்றால் டேட்டாபேஸ் என்பது தமிழ்க் கணிமையில் ஊன்றிவிட்டது. ‘தரவு அடித்தளம்’ என்று நாம் எழுதினால் படிப்பவர் மனத்தில் வருவது டில்லியிலோ டேராடூனிலோ குளிரூட்டிய அறையில் ஒரு பெரிய டேட்டாபேஸ். நாட்டின் வரைபடம் எல்லாம் அதற்குள் கொட்டி வைக்கப்பட்டிருக்கும். இது படிப்பவர் பிழை மட்டும் அல்ல. இதற்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், இணையவாசலைத் திறந்துவைக்கிறவர்கள் பலர் மனத்திலும் இந்தப் படம்தான் இருக்கிறது. வாசல் திறந்தால் வேலை முடிந்தது என்று கணக்கு.

இதற்கு வரையறை கொடுத்த ஆதி ஆவணங்களில் ஒன்று 1994 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் கிளிண்டன் பிறப்பித்த 12906-ஆம் எண் நிர்வாக ஆணை. அது தேசிய அமைப்பு என்று சொல்வது, புவித் தரவைத் திரட்டவும் பதப்படுத்தவும் சேமிக்கவும் பகிரவும் பயன்பாட்டை மேம்படுத்தவும் வேண்டிய தொழில்நுட்பம், கொள்கைகள், தரநிலைகள், ஆள்பலம் ஆகியவற்றை. டேட்டாபேஸ் என்ற பேச்சே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007 இன்ஸ்பையர் ஆணையும் இதே வழிதான்: தரவு அவரவர் நாட்டில், அவரவர் துறையில் இருக்கும், எந்த வடிவில், எந்த விவரக்குறிப்போடு, எந்தச் சேவை வழியாக மற்றவர்க்குக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

சென்னையில் இருந்துகொண்டே இதைப் பார்க்கலாம். கீழ்க்கட்டளை ஏரி நிறைந்தால் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு. இது தண்ணீரின் கணக்கு. காகிதத்தின் கணக்கு வேறு. ஏரியின் புல எண், பரப்பு வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில். கரை, மதகு, கலங்கல் (உபரிநீர் வழிந்தோடும் இடம்) நீர்வளத் துறையின் வரைபடத்தில். சுற்றியுள்ள தெருவும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியிடம். எந்த மனை எந்த நிலப்பயன்பாட்டில் என்பது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வரைபடத்தில். சதுப்புநிலக் காப்புப் பகுதி வனத் துறையிடம். 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு எல்லைப் பேச்சு இன்னும் சூடு. இத்தனைக்கும் அடியில் இந்திய நில அளவைத் துறையின் டோப்போஷீட் என்ற நிலவரைபடத் தாள்.

ஒவ்வொன்றும் தனியாகச் சரி. ஒன்றன்மேல் ஒன்று போட்டால்தான் வம்பு. பழைய டோப்போஷீட், பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோளம் என்ற கணக்கு மாதிரியை வைத்து வரைந்தது. ஜிபிஎஸ் கருவி சொல்வது டபிள்யூஜிஎஸ்-84 என்ற வேறொரு மாதிரிப்படி. மாற்றாமல் அப்படியே ஏற்றினால் சென்னையில் ஒரு புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போய் உட்காரும். ஏரிக்கரை யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் ஓடும்.

எஃப்.எம்.பி., அதாவது ஒவ்வொரு புல எண்ணுக்கும் வருவாய்த் துறை வைத்திருக்கும் புலப்படம், அதன் கதை இன்னும் சுவாரசியம். புலப்படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் கிடையாது. எல்லைக் கல்லுக்குக் கல் எத்தனை மீட்டர், ஜி-லைன் என்ற அளவைக் கோட்டிலிருந்து வளைவுக்கு எவ்வளவு குறுக்குத் தூரம் (ஆஃப்செட்), அவ்வளவுதான். அந்த ஒரு புலத்துக்குள் கணக்கு கச்சிதமாக இருக்கும். கொலாப்லேண்ட் என்ற புலப்பட மென்பொருளில் ஏற்றிய பிறகும் அது மிதக்கும் தாள்தான். செயற்கைக்கோள் படத்தின் மேல் உட்கார வைக்க, களத்தில் கல்லைத் தேடிப் பிடித்து அதன் ஆயத்தொலைவை எடுத்தாக வேண்டும். கல் இருந்தால் நல்லது. அதன்மேல் காம்பவுண்டுச் சுவர் வந்திருந்தால்? பக்கத்துப் புலத்தின் தாளைக் கொண்டுவந்து சேர்த்தால் நடுவில் ஒரு சந்து விழும், அல்லது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அந்தச் சந்தில்தான் நமது ஊரின் பாதி உரிமையியல் வழக்குகள் குடியிருக்கின்றன என்பது என் சொந்த அபிப்பிராயம்.

இதுதான் என் அன்றாடப் பிழைப்பு என்பதால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு வெள்ளநீர்ப் பணிக்காக ஓர் அலுவலகத்தில் வடிகால் அடுக்கை (வரைபடத்தில் வடிகால்களை மட்டும் காட்டும் லேயர்) கேட்டோம். அவர்களிடம் ஆட்டோகேடில் இருந்ததை அச்செடுத்து, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக அனுப்பினார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. டிஜிட்டல் கோப்பாகத் தரலாம் என்று அவர்களிடம் விதி எதுவும் இல்லை. முத்திரை குத்தித் தர விதி இருந்தது. மென்பொருள் இருந்தது, சர்வர் இருந்தது, தரவும் இருந்தது. இல்லாமல் போனதைத்தான் நாம் பெயரிடப் பார்க்கிறோம்.

> அப்படியென்றால் வழக்கமான ‘உட்கட்டமைப்பு’ போதுமே. ‘பொது’ மூலத்தில் இல்லாத சரக்கு அல்லவா?

நியாயமான கேள்வி, தோழர். மூலத்தில் இல்லைதான். ஆனால் ‘உட்கட்டமைப்பு’ என்றால் நம் செய்தித்தாள் வாசகருக்குச் சாலை, பாலம், கால்வாய். கணினிக்காரருக்குச் சர்வர், கேபிள். டெண்டர் விட்டு வாங்கக்கூடிய பொருள். இங்கே வாங்கக்கூடிய பாகம் சிறிது. ஏரிச் சங்கிலியில் ஒவ்வொரு ஏரியும் ஒவ்வொரு ஊருக்குச் சொந்தம், ஆனால் கலங்கல் உயரத்தை அந்த ஊரே இஷ்டப்படி வைத்துக்கொள்ள முடியாது. அதுபோல, தரவு துறையினுடையது. அதன் வடிவம், இடத்தை எதை ஒப்பிட்டு அளப்பது என்ற மேற்கோள் சட்டகம், மீதரவு (தரவைப் பற்றிய தரவு), பகிரும் முறை பொது. ‘பொது’ என்ற சொல்லை அந்தப் பொருளில்தான் வைக்கிறேன்.

‘பொது’ என்றால் எல்லாம் இலவசம், எல்லாம் திறந்தவெளி என்று எடுத்துக்கொள்வார்களே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அந்த ஆபத்து இருக்கிறது. 2005 தேசிய வரைபடக் கொள்கையே பாதுகாப்புப் படைகளுக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒரு திறந்த வரிசை என்று இரண்டாகப் பிரித்தது. 2021 பிப்ரவரி 15-இல் வந்த வழிகாட்டுதல் முன்அனுமதித் தொல்லையைப் பெரும்பாலும் நீக்கியது; அப்போதும் கிடைமட்டத்தில் 1 மீட்டர், செங்குத்தில் 3 மீட்டரைவிட நுண்ணிய தரவை உருவாக்கும் உரிமை இந்திய நிறுவனங்களுக்கு மட்டும்தான். ஆக பொது விதி என்பது பொதுச் சொத்து என்று ஆகாது. சொல்லின் விளக்கக் குறிப்பில் இதை ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

> இந்தியாவில் இது எந்த நிலையில் இருக்கிறது? செத்துப்போன திட்டத்துக்குச் சொல் தேடுகிறோமா?

செத்துப்போகவில்லை, பெயர் மாறிக்கொண்டிருக்கிறது. 2022 டிசம்பர் 28-இல் அறிவித்த தேசியப் புவியிடக் கொள்கை, 2006-இல் இதற்காக அமைத்த தேசியக் குழுவை எடுத்துவிட்டு அந்தப் பொறுப்பைப் புதிய உயர்நிலைக் குழுவிடம் கொடுத்தது. 14 அடிப்படைத் தரவுக் கருப்பொருள்களைப் பட்டியலிட்டு, 2030-க்குள் ஊர், நகரங்களுக்கு 5 முதல் 10 செ.மீ. வரை, காடு, தரிசுக்கு 50 முதல் 100 செ.மீ. வரை நுண்மையுள்ள வரைபடம் என்று இலக்கு வைத்தது. நில அளவைத் துறையின் நிலையான ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் முறை) நிலையங்கள் வந்தபிறகு களத்தில் சில செ.மீ. துல்லியம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் தேசியப் புவியிட இயக்கம் என்று அறிவித்து 100 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அளப்பதற்கு ஆர்வம் குறையவில்லை. அளந்ததைப் பக்கத்துத் துறை அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் வழக்கம்தான் வளரவில்லை.

(பெயர் வைப்பதில் நம்மைவிட அவர்கள் மோசம். 2017-இல் டோப்போஷீட் இறக்கிக்கொள்ள வந்த இணையவாசல் ‘நக்ஷே’. 2025-இல் நகர நிலங்களை அளக்க வந்த திட்டம் ‘நக்ஷா’. இரண்டையும் தமிழில் செய்தியாக எழுதுகிறவர் பாடு திண்டாட்டம்.)

இந்த விஷயத்தில் சென்னைக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு. நாடு முழுவதற்கும் ஒரே சட்டகம் என்ற வேலை நம் ஊரில்தான் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10 அன்று ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏறத்தாழ 12 கி.மீ. அடிக்கோட்டை (மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான கோடு) சங்கிலி வைத்து அளக்க ஆரம்பித்தார். நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே முதல் கோடு. மேலே சொன்ன பள்ளிக்கரணைச் சண்டையெல்லாம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

சேர்ந்து வரும் சொற்களைச் சுருக்கமாக முடிக்கிறேன். மெட்டாடேட்டாவுக்கு ‘மீதரவு’ பழகிவிட்டது, தொட வேண்டாம். கிளியரிங்ஹவுஸ் என்பதற்குத் ‘தீர்வகம்’ வேண்டாம், அது வங்கிக் காசோலைச் சொல். இங்கே எந்தத் தரவு எவரிடம் இருக்கிறது என்று தேடித் தருவதுதான் வேலை, ஆகவே ‘தரவுத் தேடகம்’. தரவை வைத்துப் பராமரிக்கும் கஸ்டோடியனைக் ‘காப்பாளர்’ என்றால் பூட்டி வைப்பவர் போலத் தொனிக்கிறது. அந்தத் தொனி உண்மைக்கு நெருக்கமானது என்றாலும் ‘பொறுப்புத்துறை’ என்பதே என் விருப்பம். லேயருக்கு ‘அடுக்கு’, இதில் யாருக்கும் சண்டை இல்லை என்று நினைக்கிறேன்.

‘இடஞ்சார் தரவுப் பொதுக்கட்டமைப்பு’ என்பதற்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். குறிப்பாக நில அளவையில் இருப்பவர்களும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்களும். அங்கே அலுவலகப் புழக்கத்தில் வேறு சொல் ஏற்கெனவே நிலைத்திருந்தால் அதையும் எடுத்துக்காட்டோடு அனுப்புங்கள். இரண்டையும் பதிவில் சேர்த்த பிறகு தமிழ்நாடு அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்பலாம்.

அன்புடன்,
மடிப்பாக்கத்திலிருந்து