நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன், மூன்றுக்குப் பதிலே இல்லை. குறை என்னிடமா?

தறி:
வேலையில் மூன்று வருடமாகப் பைத்தான் மொழியில் கோடு (நிரல்) எழுதுகிறேன். ஜனவரியில் இருந்து, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய ஓப்பன் சோர்ஸ் (யாரும் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய) புராஜெக்ட்டுக்கு நான்கு புல் ரிக்வெஸ்ட், அதாவது 'என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற வேண்டுகோள், அனுப்பினேன். ஆவணத்தில் எழுத்துப்பிழை திருத்தியது மட்டும் மெர்ஜ் ஆகி உள்ளே சேர்ந்தது. மற்ற மூன்றையும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்றைத் தானாக இயங்கும் பாட் மூடிவிட்டது. குழந்தை தூங்கின பிறகு ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து எழுதியவை. உள்ளே வந்து நிலைத்து நிற்பவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?

சுக்கான்:
அவர்களுக்கும் ஆள் பற்றாக்குறைதான். ஒரு நினைவூட்டல் போட்டுப் பாருங்கள்.

வேப்பமரம்:
ஆராய்ந்திருக்கிறார்கள் தறி. மிங்ஹுயி ஜோ, ஆட்ரிஸ் மோக்கஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மொசில்லா (ஃபயர்பாக்ஸ் உலாவி), க்னோம் (லினக்ஸ் டெஸ்க்டாப்) சமூகங்களின் பதிவுகளை எடுத்து, புதிதாக வந்தவர்களில் யார் நீண்டகாலம் தங்கினார்கள் என்று பார்த்தார்கள். கட்டுரை 2012-இல் வந்தது. புதிதாக ஒரு பக் (பிழை) பதிவதற்குப் பதில், ஏற்கெனவே யாரோ பதிந்து வைத்த இஷ்யூவில் கமெண்ட் எழுதித் தொடங்கியவர்கள் தங்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். தான் சொன்ன பக் ஒன்றாவது சரிசெய்யப்பட்டவர்களுக்கும் அப்படியே. புராஜெக்ட் ரொம்பப் பிரபலமாக இருந்தால் வாய்ப்பு குறைகிறது. சுற்றியுள்ளவர்கள் கவனிக்காவிட்டாலும் குறைகிறது. உங்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்தே வாய்த்திருக்கிறது.

இதே மோக்கஸ், ஃபீல்டிங், ஹெர்ப்ஸ்லெப் ஆகியோருடன் 2002-இல் அப்பாச்சி வெப் சர்வர் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் பற்றி எழுதியதையும் சேர்த்துப் படியுங்கள். கோடு கொடுத்தவர்கள் கிட்டத்தட்ட 400 பேர்; அதில் 80 சதவீதத்துக்கும் மேல் எழுதியவர்கள் 15 பேர்தான். பாரம் முழுக்கச் சில தோள்களில் இருக்கும்போது, முன்பின் தெரியாதவரின் பேட்ச் (அனுப்பிய திருத்தம்) வரிசையில் கடைசிக்குப் போய்விடுகிறது. உங்கள் கோடு மோசம் என்று இதற்குப் பொருள் இல்லை.

என் கதையும் அப்படித்தான். ஒரு சின்ன பிடிஎஃப் கருவி. தமிழ் வரியைக் காப்பி எடுத்தால் 'கொ'வில் ஒற்றைக்கொம்பு முன்னால் தாவிவிடும். வேறு யாரோ பதிந்து வைத்த பக் அது. நான் ஏழு ஃபான்ட்டில் ஓட்டிப் பார்த்து, எதில் உடைகிறது, எதில் உடையவில்லை என்று எழுதிப் போட்டேன். ஒரு வரி கோடுகூட இல்லை. இரண்டாம் நாளே அந்தக் கருவியைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் "நீங்களே டெஸ்ட் எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். அப்புறம் நான்கு வருடம் அங்கேதான் இருந்தேன்.

சுக்கான்:
ஒரு சந்தேகம். இயல்பிலேயே ஆர்வமும் நேரமும் உள்ளவர்தானே முதலில் கமெண்ட் போடுவார்? கமெண்ட் போட்டதால்தான் தங்கினார் என்று எப்படிச் சொல்வது?

வேப்பமரம்:
சரியான கேள்வி. சொல்ல முடியாது. அந்த 2012 கட்டுரையின் தலைப்பிலேயே விருப்பம், வாய்ப்பு என இரண்டும் இருக்கின்றன. விருப்பம் தறியிடம் நிறையவே இருக்கிறது; அதனால்தான் வேறு சின்ன புராஜெக்ட்டுக்கு இடத்தை மாற்றச் சொல்கிறேன். போகும் முன் அங்கே கடைசியாக வந்த பத்து புல் ரிக்வெஸ்ட்டைத் திறந்து, புதியவர்களுக்கு எத்தனை நாளில் பதில் வந்திருக்கிறது என்று பாருங்கள் தறி.

தறி:
இன்றைக்கு மூன்று புராஜெக்ட்டைப் பார்த்தேன். ஒன்றில் புதியவர்கள் எல்லோருக்கும் ஒரு வாரத்துக்குள் பதில் வந்திருக்கிறது. வருவதைப் பார்த்து ரிவ்யூ செய்பவர்கள் இரண்டே பேர். தேதி வடிவம் பற்றிய பழைய இஷ்யூ ஒன்று அங்கே கிடக்கிறது. என் கணினியிலும் அந்தப் பிழை வந்தது. ஓட்டிப் பார்த்ததை எழுதிப் போட்டுவிட்டேன்.