வீட்டை வாடகைக்கு விடும்போது முன்பணமாக என்னென்ன வாங்கலாம்?

மாடிவீடு:
முதல் முறையாக என் அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு விடப் போகிறேன். அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் எல்லாரும் வாங்குவதுதான், அதில் குழப்பமில்லை. ஆனால் புரோக்கர் வேறு கணக்கு சொல்கிறார்: பெயின்ட்டுக்குத் தனி, சுத்தம் செய்யத் தனி, ஒப்பந்தம் போடத் தனி, எதையும் திருப்பித் தர வேண்டாமாம். "கேட்டால் கொடுத்துவிடுவார்கள் சார்" என்கிறார். இது முறையா? வாங்காமல் விட்டால் அவர்கள் காலி செய்யும்போது நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருக்குமா?

சாவிக்கொத்து:
முதலில் உங்கள் ஊர் வாடகைச் சட்டத்தைப் பாருங்கள். எத்தனை மாத வாடகை வரை அட்வான்ஸ் வாங்கலாம் என்று பல இடங்களில் வரம்பே இருக்கிறது, சில இடங்களில் இப்படித் தனித்தனியாகக் கட்டணம் வாங்குவதே கூடாது. அப்புறம், பெயின்ட்டும் சுத்தமும் வீட்டுக்காரர் செலவு. அது கட்டாது என்றால் வாடகையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கள், வருகிறவருக்கும் மொத்தம் எவ்வளவு என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

அட்வான்ஸ் உங்கள் பணம் இல்லை, அதை மறந்துவிடாதீர்கள். வாங்கியதைச் செலவழித்துவிட்டு, அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் உங்களுக்குத் தருவேன் என்று இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேர். தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

பெட்டிபடுக்கை:
நான் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் பக்கம். போன வீட்டில் சுவரில் சோபா உரசிய கறை ஒன்று, அதற்காக மூன்று அறைக்கும் பெயின்ட் செலவு என்று அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். வருஷக்கணக்கில் இருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும், தரை தேயத்தான் செய்யும். உடைத்தது வேறு, புழங்கித் தேய்ந்தது வேறு. எதற்கெல்லாம் பிடிப்பீர்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள், சாவி கொடுக்கும் அன்றைக்கே இரண்டு பேருமாக நடந்து வீடியோ எடுத்து (அலமாரிக்குள், குளியலறைக் குழாய், ஏற்கெனவே இருக்கும் விரிசல் எல்லாம்) மீட்டர் ரீடிங்கையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீடியோ இருந்திருந்தால் எங்கள் சண்டையே வந்திருக்காது.

மாடிவீடு:
சரி, தனிக் கட்டணம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, ஒருவர் டோக்கன் கொடுத்து வீட்டைப் பிடித்து வைக்கச் சொல்கிறார். வாங்கலாமா? கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொன்னால் என்ன செய்வது?

சாவிக்கொத்து:
டோக்கன் வாங்கலாம், ஆனால் ரசீது கொடுங்கள். அவர் பின்வாங்கினால் என்ன, நீங்கள் பின்வாங்கினால் என்ன, எந்தத் தேதி வரை வீட்டை வேறு யாருக்கும் காட்ட மாட்டீர்கள், மூன்றும் அதில் இருக்கட்டும். ஒப்பந்தம் போட்டதும் அதை அட்வான்ஸில் சேர்த்துவிடுங்கள். பணம் கணக்கில் ஏறாமல், வெறும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சாவி கொடுத்துவிடாதீர்கள்.

கடைசி மாதத்தைக் கழிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள், அப்புறம் ஏதாவது உடைந்திருந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதற்குப் பதில், காலி செய்தபின் இத்தனை நாளில் அட்வான்ஸ் கைக்கு வரும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். அட்வான்ஸ் திரும்பி வராதோ என்ற பயத்தில்தான் பாதிப் பேர் அப்படிக் கேட்கிறார்கள்.

பெட்டிபடுக்கை:
அதேதான். மின்கட்டணம் வர வேண்டியிருக்கிறது என்று மொத்தத்தையும் நிறுத்தி வைக்காதீர்கள், அதற்கு மட்டும் ஒரு தொகையை வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாம்.