பழையபேட்டைக் குடும்பம் குழு: எந்த செஸ் எஞ்சின் முரடு?

கதிர்: அக்கா, செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராம்களில் ஸ்டாக்ஃபிஷ்தானே இருப்பதிலேயே பலமான எஞ்சின்? அப்போ அதுதானே ரொம்ப அட்டாக் ஆடும்? கிளாஸில் ஒருத்தன் இல்லவே இல்லை என்கிறான்.

கவி: பலம் வேறு, முரட்டு ஆட்டம் வேறுடா. எத்தனை ஜெயித்தது என்றுதான் ரேட்டிங் சொல்லும். எண்பது மூவ் இழுத்து ஒரு சிப்பாயை உருட்டி உருட்டி ஜெயித்தாலும் ஒரு பாயிண்ட். குதிரையைக் கொடுத்து இருபது மூவில் மடக்கினாலும் அதே ஒரு பாயிண்ட்.

ஓசூர் சித்தப்பா: எங்கள் கம்பெனியில் அளக்காமல் எதையும் பேச விட மாட்டார்கள். முரட்டுத்தனத்தை எதை வைத்து அளக்கிறது?

கவி: ஜெர்மனிக்காரர் ஸ்டெஃபன் போல் இதற்கென்றே ஒரு டூல் எழுதியிருக்கிறார் சித்தப்பா. ஈஏஎஸ் என்று பெயர், அதாவது எஞ்சின்ஸ் அக்ரஸிவ்னெஸ் ஸ்கோர். ஆடி முடித்த ஆட்டங்களின் ஃபைலைக் கொடுத்தால் போதும். ஜெயித்ததில் எத்தனை ஆட்டத்தில் காயைப் பலி கொடுத்தது, எத்தனையைச் சீக்கிரம் முடித்தது, எத்தனை டிராவைச் சப்பையாக விட்டது என்று எண்ணி ஒரு ஸ்கோர் போடும்.

பெரியப்பா: பலி கொடுத்தது என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? நம்ம கதிரும்தான் தினமும் யானையைக் கொடுக்கிறான்.

கதிர்: பெரியப்பாாா

கவி: காய்க் கணக்குதான். சிப்பாய் 1, குதிரை 3, மந்திரி 3, யானை 5, ராணி 9. கொடுத்ததை அடுத்த மூவிலேயே திருப்பி வெட்டிவிட்டால் அது வெறும் மாற்றல். சில மூவ் தொடர்ந்து காய் குறைவாகவே ஆடி, அப்படியும் ஜெயித்தால்தான் பலி. தோற்ற ஆட்டத்தில் கொடுத்தது கணக்கில் வராது.

பெரியப்பா: அது நியாயம். இல்லாவிட்டால் கதிர்தான் லிஸ்டில் முதலிடம்.

பெரியம்மா: என்னங்க, காபி ஆறுது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதை நான் குரூப்பில் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கு.

பெரியப்பா: இதோ. கவி, எதால் வகுக்கிறார்கள்? ஆடிய எல்லா ஆட்டத்தாலும் வகுத்தால் பலமான எஞ்சின் சும்மாவே மேலே போய்விடும். அதுதானே அதிகம் ஜெயிக்கிறது.

கவி: கணக்கு வாத்தியார் சரியாகப் பிடித்துவிட்டார். ஜெயித்த ஆட்டங்களால்தான் வகுக்க வேண்டும். ஒரு எஞ்சின் 100 ஜெயித்து 10-இல் பலி கொடுக்கிறது என்று வையுங்கள். இன்னொன்று 20 மட்டும் ஜெயித்து 5-இல் கொடுக்கிறது. முதலாவது 10 சதவீதம், இரண்டாவது 25. ரேட்டிங்கில் கீழே கிடப்பது இந்த லிஸ்டில் மேலே வந்துவிடும்.

ஓசூர் சித்தப்பா: சப்பை டிரா என்றால்?

கவி: ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் கைகுலுக்குவது. இல்லையென்றால் கையில் காய் அதிகம் இருந்தும் டிரா விடுவது. அதற்கெல்லாம் மார்க் போகும்.

பெரியப்பா: எதிராளி நன்றாகத் தடுத்து ஆடியிருந்தால் இவனுக்கு ஏன் மார்க் போக வேண்டும்? 2017-இல் கூகுளின் ஆல்ஃபாஸீரோ எஞ்சின் ஸ்டாக்ஃபிஷ் 8-உடன் 100 ஆட்டம் ஆடி 28 ஜெயித்ததே, மீதி 72-உம் டிராதானே? அதை யாராவது சாது என்றார்களா?

கவி: எல்லா டிராவும் சப்பை இல்லையே பெரியப்பா.

கதிர்: அக்கா, ஐபிஎம் கம்ப்யூட்டர் டீப் ப்ளூ உலக சாம்பியன் காஸ்பரோவை அடித்த ஆட்டத்தைப் போட்டால்?

கவி: 1997 மே 11, ஆறாவது ஆட்டம். காரோ-கான் ஓப்பனிங். காஸ்பரோவ் ஏழாவது மூவில் சிப்பாயை எச்6 கட்டத்துக்குத் தள்ளினார். எட்டாவது மூவில் டீப் ப்ளூ குதிரையால் ஈ6 சிப்பாயை வெட்டியது. குதிரை போச்சு, கிடைத்தது ஒரே சிப்பாய். ஆனால் மந்திரி ஜி6-இல் செக் வைத்ததும் காஸ்பரோவின் கறுப்பு ராஜா டி8-க்கு நகர்ந்து, ராஜாவை ஓரத்தில் ஒதுக்கும் காஸ்லிங் இல்லாமல் நடுவிலேயே மாட்டிக்கொண்டது. 19 மூவில் காஸ்பரோவ் ரிசைன். பலியும் இருக்கு, சீக்கிரமும் முடிந்தது.

கதிர்: செம முரடு!

கவி: சிக்கலே அங்கேதான். அந்தக் குதிரை மூவ் அது யோசித்துப் போட்டதில்லை. ஓப்பனிங் புக்கில், அதாவது தொடக்க மூவ்களின் பட்டியலில், ஆட்கள் முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்தது.

ஓசூர் சித்தப்பா: அடப்பாவிகளா. அப்போ மார்க் ஏற்றி வைத்த ஆளுக்குத்தான் போகணும்.

கவி: அதனால்தான் இப்போதெல்லாம் எஞ்சின்களை ஆட விடும்போது பெரும்பாலும் புக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரே தொடக்க நிலையைக் கொடுத்து, வெள்ளை கறுப்பு மாற்றி இரண்டு தரம் ஆட விடுகிறார்கள். அப்போதும் முழுசாகத் தீராது. சண்டைக்கார ஓப்பனிங்காகப் பொறுக்கிப் போட்டால் சாதுவும் காய் கொடுக்கும். சில இடங்களில் ஒரு பக்கம் ஜெயிப்பது உறுதியானதும் மேட் வரை போகாமல் நிறுத்திவிடுவார்கள். அங்கே எல்லா வெற்றியும் சின்னதாகத் தெரியும்.

ஓசூர் சித்தப்பா: கேஜ் மாறினால் ரீடிங் மாறும். ஒரே இடத்தில், ஒரே எதிரிகளோடு ஆடியதை மட்டும்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்.

கவி: அதேதான். கதிர், உன் கிளாஸ் பையனிடம் எந்த லிஸ்டைப் பார்த்தான் என்று முதலில் கேள்.

கதிர்: யூடியூப் ஷார்ட்ஸ் பார்த்தானாம்.

ஓசூர் சித்தப்பா: சரிதான் போ.

பெரியப்பா: நீங்கள் என்ன சொன்னாலும் டிராவுக்கு மார்க் வெட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்து வா கவி. டிராவை எடுத்துவிட்டு ஒரு லிஸ்ட் போட்டுப் பார்ப்போம்.

பெரியம்மா: தருமபுரியிலிருந்து வரும்போது காவேரிப்பட்டினத்தில் இறங்கி நிப்பட்டு வாங்கிக்கொண்டு வா கண்ணு. லேப்டாப்பைத் திறந்தால் இவர் சாப்பிட எழுந்திருக்க மாட்டார்.

கவி: சரி பெரியம்மா. காரமா, சாதாவா?