சக்கரையும் சக்கரமும் ஒரே வேரா?

கேள்வி: பேச்சில் ‘சக்கரை’ என்கிறோம். ஆலைச் சக்கரம் சுழன்று கரும்பைப் பிழிவதால் ‘சக்கரம்’தான் இதற்கு வேர் என்கிறார்கள். சரியா? ஆங்கில ‘ஷுகர்’, அரபி ‘சுக்கர்’ இவையும் இதே சொல்தானா?

பதில் 1: இல்லைங்க. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ச’ எழுதுவதால் வரும் மயக்கம் இது. இந்தியில் சுற்றுக்குச் சொல்லும் ‘சக்கர்’ முதலெழுத்து ‘பச்சை’யில் வரும் ‘ச்ச’ போல அழுத்தமானது; சர்க்கரையோ ‘ஷக்கர்’. வடமொழியிலும் சக்ர வேறு, ஷர்கரா வேறு. ‘ஷர்கரா’வின் முதற்பொருள் சரளை, பருக்கைக்கல். சாறு இறுகி மணல்மணலாக உதிர்ந்தபோது அந்தப் பெயர் இதற்கும் வந்தது. பாலி மொழியின் ‘சக்கரா’வுக்கும் இரண்டு பொருளும் உண்டு. ஆயுர்வேத நூல்களில் சிறுநீரோடு வரும் கற்பொடியும் ‘ஷர்கரா’தான், அதை நீரிழிவு என்று பெயர்த்தால் நோயே மாறிப்போகும்.

பதில் 2: அரபி, ஆங்கிலம் எல்லாம் இதே சொல்தான். பாரசீகத்தில் ‘ஷகர்’, அரபியில் ‘சுக்கர்’. ஸ்பானிய மொழியில் ‘அசூகர்’ என்று முன்னால் ஓர் ‘அ’ நிற்கிறதே, அது அரபியின் ‘அல்’ என்ற முன்னொட்டு. சகரத்துக்கு முன் லகரம் திரிந்து ‘அஸ்-சுக்கர்’ ஆகும், கேட்டபடியே எடுத்துக்கொண்டார்கள். இத்தாலியில் அது ஒட்டவில்லை. பருத்தியிலும் இதே கதை: ஸ்பானியத்தில் ‘அல்கொதோன்’, இத்தாலியில் ‘கொதோனே’. ஆங்கிலம் பிரெஞ்சு வழியாக வாங்கியதால் அதிலும் ‘அ’ இல்லை.

கிரேக்க ‘சாக்கரோன்’ அரபி வழி வந்ததல்ல, அதற்கு முந்தியது. 1879இல் கண்டுபிடித்த சாக்கரின் என்ற செயற்கை இனிப்புக்குப் பெயர் அந்தக் கிளையிலிருந்து. ஆனால் அந்த இனிப்பில் சர்க்கரை துளியும் இல்லை. ஆங்கிலத்துக்கு இச்சொல் இன்னொரு முறையும் போயிருக்கிறது. மலையாளச் ‘சக்கர’யைப் போர்ச்சுக்கீசியர் ‘ஜாகரா’ என்றார்கள்; அதுவே ‘ஜாகரி’, வெல்லம்.

பதில் 3: தமிழுக்கும் இரண்டு முறை வந்ததுதான்! ஆண்டாள் பாடும் அக்கார அடிசிலில் உள்ள ‘அக்காரம்’, பிராகிருதச் ‘சக்கரா’விலிருந்து முதற்சகரம் உதிர்ந்து வந்தது. சிப்பி இப்பி, சமணர் அமணர் போல. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் தேடும்போது ‘சர்க்கரை’யோடு நிறுத்தாமல், சகரத்தை நீக்கி உயிரெழுத்திலும் பாருங்கள். வடிவம் ஒத்தால் போதாது, பொருளும் ஒத்துவர வேண்டும்.

கேட்டவர்: நன்றிங்க. சீனி, கற்கண்டு?

பதில் 3: இரண்டும் வேறு வேர். சீனி, சீனத்தின் பெயரால் வந்தது. கண்டு, துண்டு என்று பொருள்படும் வடமொழிக் ‘கண்ட’. அரபி ‘கந்தி’ வழியாக ஆங்கிலக் ‘கேண்டி’யும் அதுவே. முன்னால் நிற்கும் ‘கல்’ மட்டும் நம்முடையது.