டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் நிரப்பத்தான் வேண்டுமா?

செழியன்:
எத்தனை பேர் ஒத்துக்கொள்வீர்களோ தெரியாது, என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். தைராய்டு குறைந்தால் மாத்திரை எழுதுகிறார்கள். இன்சுலின் சுரக்காவிட்டால் ஊசி போடச் சொல்கிறார்கள். ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் மட்டும் "வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு 48 வயது. தாம்பத்திய ஆசை அறவே விட்டுப்போய்விட்டது, காலை விறைப்பும் இல்லை, சாயங்காலம் ஆனால் உடம்பை அடித்துப்போட்டது போல் இருக்கிறது. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 262 நானோகிராம். அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் 2018இல் வைத்த வரம்பு 300. அளவும் குறைவு, அறிகுறியும் இருக்கிறது. நான் பார்த்த மருத்துவர் "தினமும் நடங்கள்" என்பதோடு முடித்துவிட்டார். குறைந்ததை நிரப்புவதில் என்ன தயக்கம்?

மலர்விழி:
செழியன் சார், நடக்கச் சொல்லி அனுப்பியது போதாதுதான். அதற்காக நேராக டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்குப் போவதும் சரியில்லை. எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தீர்கள்? இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது ஏற ஏற இறங்கும். சாப்பிட்டுவிட்டுப் போனாலும் குறைத்துக் காட்டும். காய்ச்சலில் கிடந்து எழுந்த வாரத்தில் எடுத்த அளவை நம்பவே முடியாது. நீங்கள் சொன்ன அதே வழிகாட்டி, காலை நேரத்தில், வெவ்வேறு நாட்களில், இரண்டு முறை குறைவாக வந்தால்தான் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. எல்லோரும் 300ஐ மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

எடையையும் பாருங்கள். உடல் பருத்தால், டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து செல்லும் எஸ்எச்பிஜி என்ற புரதம் குறையும். அப்போது மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும், எதிலும் ஒட்டாமல் வேலை செய்கிற பங்கு சரியாகவே இருக்கக்கூடும். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையுள்ள ஆண்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2010இல் வந்தது. ஆசைக் குறைவு, விறைப்புக் கோளாறு, காலை விறைப்பு குறைவது என்ற பாலியல் அறிகுறிகள் மூன்றும் இருந்து அளவும் குறைவாக இருந்தவர்கள் 2.1 சதவீதம்தான். வெறும் சோர்வுக்கு ரத்தசோகை, தைராய்டு, குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கம், மனச்சோர்வு என்று வேறு காரணங்கள் வரிசையில் நிற்கின்றன.

செழியன்:
காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், ஒரு மாதம் விட்டு இரண்டு தடவை கொடுத்தேன் மேடம். இரண்டாவது தடவை 248. தூக்கப் பரிசோதனையும் ஆயிற்று, அதில் ஒன்றும் இல்லை.

இதயத்துக்கு ஆபத்து என்று ரொம்ப காலம் பயமுறுத்தினார்கள். 2015இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையே போடச் சொன்னது. அப்புறம் என்ன ஆனது? ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடத்திய டிராவர்ஸ் ஆய்வு 2023இல் வந்தது. எல்லோருமே இதய நோய் உள்ளவர்கள், அல்லது வரும் அபாயம் அதிகம் உள்ளவர்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் மூன்றும் சேர்ந்து டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியவர்களில் 7.0 சதவீதம், மருந்தில்லாத வெறும் ஜெல் பூசியவர்களில் 7.3. ஆஸ்திரேலியாவில் பருத்த இடுப்புள்ள ஆயிரம் ஆண்களிடம் செய்த ஆய்வில், இரண்டு வருடத்தில் சர்க்கரை நோய் நிலையில் இருந்தவர்கள் ஊசி போட்ட பக்கம் 12 சதவீதம், போடாத பக்கம் 21. இதற்கு மேலும் என்ன சான்று வேண்டும்?

மலர்விழி:
அதே ஆய்வுகளை முழுவதும் படிக்க வேண்டும் சார். டிராவர்ஸில் இதயத் துடிப்புத் தாளம் தவறுவதும், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பதும், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் மருந்து எடுத்தவர்களிடம் கூடுதல். எலும்பு பலமாகும் என்று எதிர்பார்த்தார்கள். கடைசியில் எலும்பு முறிவு 3.5 சதவீதம், மற்றவர்களுக்கு 2.5. ஆஸ்திரேலிய ஆய்விலும் எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சித் திட்டம் சேர்த்தே கொடுத்தார்கள். அதோடு ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டியது. அந்த அளவுக்கு ரத்தம் கெட்டியானால் மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டும்.

65 வயதைக் கடந்த 790 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2016இல் வந்தது. ஆசை ஓரளவு கூடியது, உண்மை. "தெம்பு வரும்" என்று விளம்பரப்படுத்துகிறார்களே, அந்தத் தெம்பில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. சாயங்காலச் சோர்வுக்காக எடுக்கிறீர்கள் என்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

நிலாப்பெண்:
ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு 41 வயதில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பெண்ணின் உடம்பிலும் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது, சினைப்பையை எடுத்தால் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பதை அறுவைக்கு முன் ஒருவர்கூடச் சொல்லவில்லை. பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள், வியர்வை நின்றது, தூக்கம் வந்தது. கணவர் மேல் இருந்த ஆசை மட்டும் திரும்பவில்லை. கேட்டால் "மனசைத் திடப்படுத்திக்கோங்க" என்றார்கள். ஆண்களுக்கு ஜெல், ஊசி, மாத்திரை எல்லாம் இருக்கிறது. பெண்களுக்கென்றே அளவு பிரித்த கிரீமுக்கு 2020இல் ஆஸ்திரேலியா ஒப்புதல் கொடுத்தது. அமெரிக்காவில் இன்றும் பெண்களுக்கென ஒப்புதல் பெற்றது ஒன்றுகூட இல்லை. இது நியாயமா?

இளம்பரிதி:
நியாயமில்லைதான் சகோதரி. ஆனாலும் எல்லை தெரிய வேண்டும். உலக அளவில் பல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2019இல் ஓர் அறிக்கை விட்டன. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, மனதை வருத்தும் அளவுக்கு ஆசை குறைந்திருந்தால் கொடுக்கலாம். வேறு எதற்கும் போதுமான சான்று இல்லை என்றன. மறதிக்கு, மூட்டு வலிக்கு, எடை குறைய என்று விற்பவர்களை நம்பாதீர்கள். தோலுக்கு அடியில் வைக்கும் வில்லைகளை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். அளவு எகிறிவிடும், உள்ளே வைத்ததைத் திரும்ப எடுப்பதும் சுலபமில்லை. அளவு மிஞ்சி வரும் முகப்பருவும், வேண்டாத இடத்தில் முளைக்கும் முடியும் மருந்தை நிறுத்தினால் குறையலாம். தடித்த குரல் திரும்பாமலே போகலாம்.

நிலாப்பெண்:
அந்த அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. ரத்த அளவை வைத்துப் பெண்ணுக்குக் குறைபாடு என்று முடிவு கட்ட முடியாது, அப்படி ஒரு வரம்பே கிடையாது. என்னை மூன்று முறை பரிசோதனைக்கு அனுப்பி "நார்மல்" என்று திருப்பி அனுப்பினார்களே, எதற்காக? அளவைப் பார்ப்பது மருந்து மிஞ்சிப் போகாமல் இருக்கத்தான். இப்போது ஆண்களின் ஜெல்லில் பத்தில் ஒரு பங்கைப் பூசுகிறேன், மருத்துவர் மேற்பார்வையில். ஆறு மாதத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். நான்காவது மாதமே தெரிந்தது.

கார்முகில்:
அண்ணா, எனக்கு 31 வயது. அளவு 340. ஜிம்மில் பயிற்சியாளர் வாரம் ஓர் ஊசி போதும் என்கிறார். அடுத்த வருடம் குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். ஆரம்பிக்கலாமா?

செழியன்:
வேண்டவே வேண்டாம் தம்பி. ஊசியை ஆதரிக்கிற நானே சொல்கிறேன். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை "போதும்" என்று முடிவு செய்து, தனக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விதைக்கு அனுப்பும் எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களையும் அடக்கிவிடும். அந்த உத்தரவு வராமல் விதைக்குள் விந்தணு உற்பத்தி படுத்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்து 1990இல் முடிவை வெளியிட்டது. அந்த வேலைக்கு உதவும் மருந்தைக் குழந்தை வேண்டும் என்கிற நேரத்தில் போட்டுக்கொள்ளலாமா? நிறுத்தினாலும் விந்தணு திரும்பப் பல மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். 340 உனக்குக் குறைவும் இல்லை.

மலர்விழி:
செழியன் சார், நீங்கள் தம்பிக்குச் சொன்ன எல்எச்சை உங்களுக்குப் பார்த்தார்களா? அது உயர்ந்திருந்தால் கோளாறு விதையில். குறைந்தோ, உயராமலோ இருந்தால் மேலே பிட்யூட்டரியில் தேட வேண்டும். பிட்யூட்டரி சுரக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடியிருந்தால் அங்கே கட்டி இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. காரணம் தெரியாமல் ஊசி போட்டால் அது மறைந்தே கிடக்கும்.

செழியன்:
யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நாளைக்கே கேட்டு வாங்குகிறேன். அதெல்லாம் சரியாக வந்து, நானும் இப்படியே இருந்தால்? அப்போதும் வேண்டாம் என்பீர்களா?

மலர்விழி:
மாட்டேன். புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையும் ஹீமட்டோகிரிட்டும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், சில மாதங்களில் திரும்பப் பாருங்கள். ஜெல் என்றால் பூசிய இடம் குழந்தைகள் மேல் படக்கூடாது. ஒரு வருடத்துக்குள் ஆசையிலும் விறைப்பிலும் முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடச் சொல்லி அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2020இல் சொல்லியிருக்கிறது. அந்தத் தேதியை மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.