நவீன நடனம் ஆடச் சென்னைக்குத்தான் போக வேண்டுமா? குமரிக்காரர்கள் சொல்லுங்கள்

இரணியல் ரயிலடி:
நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் "அண்ணே, நவீன நடனம் எங்கே படிக்கலாம்" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அதாவது பரதம் மாதிரி ஒரே இலக்கணத்தில் நிற்காமல், சொந்தமாக அசைவுகளை உருவாக்கி ஆடும் ஆட்டம். என் பதில் ஒன்றுதான். சென்னைக்குப் போங்கள், குறைந்தது இரண்டு வருஷம் இருங்கள். நடனக் கலைஞர் சந்திரலேகா 1985-இல் 'அங்கிகா' என்ற படைப்பில் பரதத்தையும் கேரளச் சண்டைக் கலையான களரியையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது சென்னையில் இருந்துதான், அவரிடம் பத்து வருஷம் ஆடிய பத்மினி செட்டூர் பிறகு தனக்கென்று ஒரு வழியைக் கண்டதும் அதே ஊரில்தான். பிரக்ருதி அறக்கட்டளை 2012-இல் நவீன நடனத்துக்கென்றே ஒரு விருதைத் தொடங்கியது, அதில் ஜெயித்தால் கையில் கேடயத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவதில்லை, படைப்பை வளர்த்தெடுக்கப் பணமும் கிடைக்கும்.

நான் முதல் நடனப் பட்டறைக்குப் போன அன்று தரையில் உருளச் சொன்னார்கள். பத்து வருஷம் பரதம் ஆடிய உடம்பு, தரையைக் காலால் தட்டத் தெரியும், முதுகைத் தரையிடம் கொடுக்கத் தெரியவில்லை, தோள்பட்டை இடித்துக்கொண்டே இருந்தது. மூச்சை விட்டபடி இறங்கு என்று பயிற்சி கொடுத்த அக்கா என் தோளில் கை வைத்துச் சொன்ன பிறகுதான் இறங்கியது. இங்கே இருந்திருந்தால் அதை யாரும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

களியக்காவிளை:
ஏ மக்கா, இங்கிருந்து சென்னை 700 கிலோமீட்டர். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டர்கூட இல்லை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டில் சாப்பிடலாம். இதை ஏன் ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை? கேரள சங்கீத நாடக அகாடமி 2008-இல் தொடங்கிய சர்வதேச நாடக விழா திருச்சூரில் நடக்கிறது, உடம்பையே மொழியாக வைத்து ஆடும் வெளிநாட்டுக் குழுக்களை எல்லாம் அங்கே பார்த்திருக்கிறேன், டிக்கெட் விலை ஒரு சினிமா அளவுதான். பெங்களூரின் ஆட்டக்களரி என்ற நவீன நடன மையத்தை 1992-இல் தொடங்கிய ஜெயச்சந்திரன் பாலாழி கேரளத்துக்காரர். 1930-இல் பிறந்த கேரள கலாமண்டலம் என்ற கலைப் பள்ளியே 2024-இல் மோகினியாட்டத்தை ஆண் பிள்ளைகளுக்கும் திறந்துவிட முடிவெடுத்தது. அந்தப் பக்கம் இவ்வளவு நடக்கிறது, நமக்கு மலையாளமும் வரும், பிறகு ஏன் வடக்கே மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்?

தக்கலை அக்கா:
நான் ஒரு அம்மாவாகக் கேட்கிறேன். என் மகளுக்கு 19 வயது, ஏழு வருஷம் பரதம் படித்தவள், இப்போது இந்த ஆட்டத்தின் மேல் உயிராக இருக்கிறாள். இரணியல் தம்பி இரண்டு வருஷம் போ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டார். அறை வாடகை, அட்வான்ஸ், சாப்பாடு, வகுப்புக் கட்டணம், இதற்கெல்லாம் யார் பதில் சொல்வது? நாங்கள் ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கிற குடும்பம், மழைக்காலத்தில் அந்த வருமானமும் நின்றுபோகும். உதவித்தொகை ஏதாவது இருந்தால் அதைச் சொல்லுங்கள், ஊர்ப் பெயர் மட்டும் சொன்னால் எனக்கு உதவாது.

இரணியல் ரயிலடி:
அக்கா, கோபப்படாதீர்கள், கேட்டது நியாயம். மத்திய கலாச்சார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் தருகிறது. வயது 18 முதல் 25 வரை, ஒரு குருவிடம் ஐந்து வருஷமாவது படித்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு இரண்டும் சரியாக இருக்கிறது. 25 தாண்டியவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் இளநிலை நல்கை (ஃபெலோஷிப்) இருக்கிறது. ஒரு சிக்கல் உண்டு, உதவித்தொகையில் செவ்வியல் நடனம், நாடகம், ஊமை நாடகம், நாட்டுப்புறக் கலை என்று தலைப்புகள் இருக்கின்றன, நவீன நடனத்துக்கென்று தனித் தலைப்பு இல்லை. பரதம் என்று போட்டுத்தான் நுழைய வேண்டும்.

களியக்காவிளை:
5,000 ரூபாயை வைத்துக்கொண்டு சென்னையில் எத்தனை நாள் இருக்க முடியும் என்று நீங்களே சொல்லுங்கள். அதே பணத்தில் அந்தப் பிள்ளை தக்கலையில் அம்மா சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு வாரம் மூன்று நாள் திருவனந்தபுரம் போய் வரலாம்.

மகுடம்:
இரண்டு பேரும் போவதைப் பற்றியே பேசுகிறீர்கள். இங்கே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை.

சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் கணியான் கூத்து பார்த்திருக்கிறீர்களா? முழு ராத்திரியும் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா என்று கேட்கிறேன். பன்னிரண்டு மணிக்கு மேல் பனியில் மகுடம் என்ற தோல் வாத்தியத்தின் தோல் தொய்ந்துவிடும், ஓலையைக் கொளுத்தி அந்தத் தீயில் காட்டி, விரல் நுனியால் ஒரு தட்டு, திரும்பக் காட்டி இன்னொரு தட்டு, நாதம் ஏறும்வரை பாடுகிற அண்ணாவி பாட்டை இழுத்துக்கொண்டே நிற்பார். பெண் வேடம் கட்டிய இரண்டு பேர் அதற்குள் காலை மாற்றி மாற்றிச் சலங்கையை அடக்கி வைத்திருப்பார்கள். தாளம் விழுந்ததும் இடுப்பில் இருந்து ஒரு சுழற்சி வரும் பாருங்கள், அதை எந்தப் பட்டறையில் கற்றுக்கொடுக்கிறார்கள்? அடிமுறை என்ற நம் ஊர்ச் சண்டைக் கலைக்காரர்கள் காலடிச் சுவடு வைப்பதும் அப்படித்தான், எடை எந்தக் காலில் இருக்கிறது என்று எதிரில் நிற்பவனுக்குத் தெரியாது.

நகரத்தில் இருந்து வருகிறார்கள், மூன்று நாள் வீடியோ எடுக்கிறார்கள், ஒரு வருஷம் கழித்து அதே அசைவு குளிரூட்டிய அரங்கில் வேறொருவர் பெயரில் வருகிறது. எங்கள் ஊர் மகுடக்காரர் ஒருவருக்கு இது நடந்தது. துண்டு அறிவிப்பில்கூட அவர் பெயர் இல்லை. அவர் கேட்டது பணமில்லை, பெயர்தான். அதனால் உங்கள் நவீன நடனத்தின் மேல் எனக்கு மரியாதை குறைவாகத்தான் இருக்கிறது, இதை மறைக்க மாட்டேன்.

இரணியல் ரயிலடி:
அண்ணே, பெயர் போடாதது தப்பு, அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் அதற்காக நவீன நடனமே நமக்கு வேண்டாம் என்றால் நஷ்டம் யாருக்கு? கணியான் கூத்தைக் கோயிலில் ஆடுபவருக்கு அது வழிபாடு. எல்லாரும் அதில் நுழைய முடியாது, நுழையவும் கூடாது. தக்கலை அக்கா மகள் மாதிரி ஒரு பெண் பிள்ளை தன் அம்மா ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் கத்தியோடு நடக்கும் நடையை ஆட வேண்டும் என்று நினைத்தால் அதற்குக் கோயிலும் இடம் தராது, பரத அரங்கேற்றமும் இடம் தராது. அந்த இடம்தான் நவீன நடனம். அந்த இடத்துக்காகத்தான் நான் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போனேன்.

மகுடம்:
அந்த நடையை இங்கேயே ஆடினால் என்ன தம்பி? பார்க்க ஆள் இல்லை என்கிறீர்களா? ராத்திரி முழுக்க உட்காரும் சனம் இது. அர்த்தம் கேட்டு ஒருவரும் எழுந்து போனதில்லை.

களியக்காவிளை:
இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பயிற்சிக்கு வெளியே போகத்தான் வேண்டும், இங்கே தினமும் வகுப்பு எடுக்க ஆள் இல்லையே.

தக்கலை அக்கா:
இரணியல் தம்பி எழுதியதை மகளிடம் காட்டினேன். ரப்பர் தோட்ட நடை என்று படித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவள் இரண்டு தடவை விண்ணப்பம் போட்டுப் பதில் வராமல் போனது. ஆங்கிலத்தில் எழுதும்போது அவள் சொல்ல வந்தது பாதிதான் தாளுக்கு வருகிறது, மீதி அவள் மனசுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. தமிழில் எழுதினால் வாங்கிக்கொள்ளும் இடம் ஏதாவது உண்டா?

இரணியல் ரயிலடி:
இருக்கிறது அக்கா. இதை நான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் என்ற அமைப்பு, 1993-இல் தொடங்கியது, இந்திய மொழி எதிலும் விண்ணப்பத்தை ஏற்கும். தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். அவர்கள் பணம் தருவது செய்யப்போகும் வேலைக்கு, படிப்புச் செலவுக்கு இல்லை, ஆகவே என்ன செய்ய நினைக்கிறாள், ஏன் அவள்தான் அதைச் செய்ய வேண்டும் என்பதை நேராக எழுத வேண்டும். தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையத்தின் எல்லையில் தமிழ்நாடும் கேரளமும் இரண்டும் வருகின்றன, அதன் அறிவிப்புகளையும் பார்த்துவாருங்கள்.

எங்கே விண்ணப்பித்தாலும் வீடியோ கேட்பார்கள், அதில்தான் நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். போனைப் படுக்கையாக வையுங்கள், தலை முதல் பாதம்வரை முழு உடம்பும் தெரிய வேண்டும், வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். சினிமாப் பாட்டும் கலர் லைட்டும் வேண்டாம். பாதம் தரையில் எப்படி விழுகிறது என்பதைத்தான் தேர்வு செய்பவர்கள் பார்ப்பார்கள்.

தக்கலை அக்கா:
எழுதுகிறேன் என்கிறாள், தமிழில். ஆட இடம்தான் இல்லை. மொட்டை மாடி சிமெண்ட் தரையில் குதித்துக் குதித்து முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலி வந்துவிட்டது, ராத்திரி தைலம் போட்டுத் தேய்த்துவிடுகிறேன்.

இரணியல் ரயிலடி:
சிமெண்டில் குதிக்கவே கூடாது, உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வலி குறையும்வரை நடை, உருளல், மூச்சு மட்டும் போதும். தரை கொஞ்சம் அமுங்க வேண்டும். மரச்சட்டம் அடித்து, அதன் அடியில் ரப்பர் துண்டு வைத்து, மேலே பிளைவுட் போட்டால் போதும், பெரிய செலவில்லை.

மகுடம்:
எங்கள் மாமாவின் தேங்காய் குடோன் இரண்டு வருஷமாகச் சும்மா கிடக்கிறது. திங்கள்சந்தை ரோட்டில் இருந்து உள்ளே ஐந்து நிமிஷம். முப்பதுக்கு இருபது அடி இருக்கும், நடுவில் தூண் இல்லை. பிளைவுட்டை நீங்கள் கொண்டுவாருங்கள், சட்டம் அடிக்க எங்கள் ஊர் ஆசாரியிடம் நான் பேசுகிறேன். ஒரே ஒரு கேள்வி. அந்த மகுடக்காரர் பக்கத்துத் தெருதான், அவர் வந்து உட்கார்ந்து வாசித்தால் அறிவிப்பில் அவர் பெயரை எங்கே போடுவீர்கள்?

தக்கலை அக்கா:
என் மகள் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில். அவளே சொல்கிறாள்.

மகுடம்:
சரி. ஞாயிறு காலை எட்டு மணிக்கு வாருங்கள். சாவி மாமா வீட்டில் இருக்கிறது, நான் வாங்கி வைக்கிறேன்.

களியக்காவிளை:
ரப்பர் துண்டு நான் கொண்டுவருகிறேன், பழைய டயர்க் கடை தெரிந்தவருடையது. திருவனந்தபுரம்தான் சரியான வழி என்பதை நேரில் வந்து இன்னொரு தடவை பேசுகிறேன்.